வெளுத்துப்போன எண்ணெயும் ரத்தம் கசியும் ஈறும்

கேள்வி: எனக்கு வயது 52. ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்ததால், மூன்று மாதங்களாகப் பிரஷ்ஷை விட்டுவிட்டுத் தினமும் காலையில் 20 நிமிடம் நல்லெண்ணெய் கொப்பளிக்கிறேன். துப்பும்போது எண்ணெய் பால்போல வெளுத்திருக்கிறது. உடலில் உள்ள நச்சு வெளியேறுவதாக நண்பர் சொல்கிறார். கடைவாய்ப் பல்லில் இருக்கும் சொத்தையும் இதிலேயே ஆறிவிடுமா?

பதில்: எண்ணெயைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது நீங்கள் பிரஷ்ஷை விட்டதுதான். ஈறில் ரத்தம் கசிவதற்குப் பெரும்பாலும் காரணம், பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படியும் கிருமிப் படலம். அதைத் தேய்த்து எடுக்காமல் விட்டால் வீக்கம் கூடும். நாளடைவில் படலம் இறுகிப் பற்காறையாகிவிடும். காறையை எந்த எண்ணெயும் கரைக்காது, பல் மருத்துவர் கருவியால்தான் அகற்ற வேண்டும். மென்மையான பிரஷ்ஷால், அழுத்தாமல், ரத்தம் வரும் இடத்தையும் சேர்த்துத் துலக்குங்கள். சாதாரண ஈறு வீக்கமாக இருந்தால் ஓரிரு வாரங்களில் கசிவு குறையும்.

உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். பல் மருத்துவரிடம் போகும்போது கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) அறிக்கையையும் கொண்டுபோங்கள்.

இனி அந்த வெண்மை. எண்ணெயும் உமிழ்நீரும் வாய்க்குள் 20 நிமிடம் புரண்டால், எண்ணெய் நுண்ணிய துளிகளாக உடைந்து நீரில் கலக்கும், கலங்கி வெளுக்கும். நோய் நொடி இல்லாதவர் துப்பினாலும் அதே நிறம்தான் வரும். ரத்தத்திலிருந்து நச்சை உறிஞ்சி எடுக்கும் வழி எதுவும் வாயில் இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாம் கேட்காமலேயே செய்துகொண்டிருக்கின்றன.

அதற்காக இந்தப் பழக்கத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆயுர்வேத நூல்கள் இதை இரண்டாகப் பிரித்தே சொல்கின்றன: அசைக்க முடியாதபடி வாய் நிறைய வைத்திருப்பது கண்டூஷம், அசைத்துக் கொப்பளிப்பது கவளம். பல் துலக்குவதையும் அதே நூல்கள் தனியாக விதிக்கின்றன. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று என்று சொல்லவில்லை. எண்ணெய் கொப்பளிப்பதால் படலமும் கிருமிகளின் எண்ணிக்கையும் ஓரளவு குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பங்கேற்றவர்கள் குறைவு, காலமும் குறுகியது என்பதால் அவற்றை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்வதற்கில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

சொத்தை ஆறாது. கிருமிகள் சர்க்கரைப் பொருள்களைத் தின்று உண்டாக்கும் அமிலம் எனாமலைக் கரைத்துக் குழியாக்கியிருக்கிறது. குழி விழும் முன், வெள்ளைத் திட்டாக இருக்கும் நிலையில், பற்பசையில் சேர்க்கப்படும் ஃபுளூரைடு அதை மீண்டும் இறுகச் செய்யக்கூடும். எண்ணெயில் ஃபுளூரைடு கிடையாது. குழி விழுந்துவிட்டால் அடைத்துத்தான் ஆக வேண்டும்.

கொப்பளிப்பது உங்களுக்குப் பிடித்திருந்தால் தொடருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். தாடை வலிக்கும் அளவுக்குப் போக வேண்டாம். முதலில் எண்ணெய், பிறகு பற்பசை என்ற வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளூரைடை எண்ணெய் கழுவிக்கொண்டு போய்விடும். காலையும் இரவும் 2 நிமிடம் துலக்கினால் நாளுக்கு 4 நிமிடம்தான். எண்ணெய்க்கு 20 நிமிடம் ஒதுக்கும் உங்களுக்கு இது பெரிதில்லை!

படுத்துக்கொண்டு கொப்பளிக்க வேண்டாம், அண்ணாந்து தொண்டையில் களகளவென்று ஓட்டவும் வேண்டாம். புரை ஏறி எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும். இந்தப் பழக்கத்தாலேயே அப்படி வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. விழுங்கும்போது அடிக்கடி புரை ஏறுபவர்களும் சிறு குழந்தைகளும் இதைச் செய்யவே கூடாது. துப்புவதைக் குப்பைத்தொட்டியில் துப்புங்கள். கைகழுவும் தொட்டியில் துப்பினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.