முட்டை இறுகுகிறது, ஆட்டுக்கால் கரைகிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முட்டையை வேகவைத்தால் கெட்டியாகிறது. ஆட்டுக்காலை வேகவைத்தால் ஜவ்வெல்லாம் கரைந்து சூப்பில் இறங்குகிறது. இரண்டுமே புரதம் என்றுதான் படித்தோம். ஒரே சூடு எப்படி இரண்டு விதமாக வேலை செய்கிறது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திய காலத்தில் புரதப் பாடத்தை நான் முட்டையில்தான் தொடங்குவேன். ஆட்டுக்காலையும் பக்கத்தில் வைத்து ஒரு மாணவர்கூடக் கேட்டதில்லை. அடுப்படியில் நிற்கிறவருக்குத்தான் இது தோன்றும். ரொம்ப நல்ல கேள்வி, அம்மா.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த இழை. உடம்பு கோப்பதற்கு எடுப்பவை 20 வகை. எது எதற்குப் பக்கத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து இழை ஒரு குறிப்பிட்ட உருவத்துக்கு மடங்கும். அந்த உருவத்தைக் கொண்டுதான் அது வேலை செய்கிறது. நம் அடுப்புச் சூடு இழையை அவ்வளவாக அறுப்பதில்லை, மடிப்பைத்தான் குலைக்கிறது. மடிப்புகள் வெவ்வேறாக இருப்பதால் குலைந்தபின் நடப்பதும் வேறாகிறது.

வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மிச்சம் பெரும்பாலும் புரதம், அதில் பாதிக்கு மேல் ஓவல்புமின். 385 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த இழை உருண்டையாகச் சுருண்டிருக்கும். தண்ணீரோடு சேராத பகுதிகளை உள்ளே மறைத்துக்கொண்டு, சேரும் பகுதிகளை வெளியே காட்டும். அதனால்தான் அவ்வளவு புரதமும் தண்ணீரில் தெளிவாக நிற்கிறது. சூடேறினால் உருண்டை அவிழும், மறைந்திருந்த பகுதிகள் வெளியே வரும், பக்கத்து இழைகளோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் அந்தப் பின்னலுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது.

ஆட்டுக்கால் ஜவ்வில் இருப்பது கொலாஜன். முப்புரிக் கயிறு மாதிரி மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கிடக்கும். ஒவ்வோர் இழையிலும் சுமார் 1000 அமினோ அமிலங்கள். அதில் ஒவ்வொரு மூன்றாவதும் கிளைசின், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. மூன்றும் சந்திக்கிற நடுப்பகுதியில் வேறெதற்கும் இடம் இல்லை. எங்கோ ஒரு கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய அமினோ அமிலம் வந்துவிட்டால்கூட முறுக்கு கெடும். அப்படிப் பிறக்கும் சில குழந்தைகளுக்கு லேசாக இடறினாலே எலும்பு முறிந்துவிடுகிறது. ஆயிரத்தில் ஒன்று மாறியதற்கு இவ்வளவு பெரிய விளைவு என்பது இத்தனை வருஷம் கழித்தும் என்னை உலுக்குகிறது.

நேரம் எடுத்துக் கொதிக்கவிட்டால் முறுக்கு பிரிந்து இழைகள் தனித்தனியாகத் தண்ணீரில் இறங்கும். அதுதான் ஜெலட்டின். மிஞ்சிய சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள். இழைகள் அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொள்ள, சூப் ஜெல்லியாக உறைந்திருக்கும். சூடாக்கினால் திரும்ப இளகும். வெந்த முட்டை அப்படி இளகாது.

கேள்வி: ஜி.என். ராமச்சந்திரன் சென்னையில் புரதம் பற்றி என்ன கண்டுபிடித்தார்? (கல்லூரி மாணவர், மயிலாடுதுறை)

பதில்: மேலே சொன்ன முப்புரியைத்தான். 1952இல், முப்பது வயதுகூட நிறையாதபோது, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க வந்தார். அந்த ஆண்டு சென்னை வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் புதிராகவே இருக்கிறது என்று சொல்ல, அதையே கையில் எடுத்தார். தோலே பெருமளவு கொலாஜன்தான், அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் பக்கத்திலேயே இருந்தது. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 1954இலும் 1955இலும் 'நேச்சர்' இதழில் கட்டுரைகள் வெளியிட்டார்.

1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து அவர் தந்த படம் இன்னும் பெரியது. இழையின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இடங்களில் திரும்பலாம். அணுக்கள் ஒன்றோடொன்று முட்டாமல் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்கிட்டு ஒரே வரைபடத்தில் காட்டினார்கள். பெரும்பகுதி கோணங்கள் நடக்கவே நடக்காதவை என்று தெரிந்தது. உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் இன்றும் 'ராமச்சந்திரன் வரைபட'த்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். இந்தப் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: கொலாஜன் பவுடர் குடித்தால் முகச் சுருக்கம் போகுமா? (வாசகி, சேலம்)

பதில்: குடித்த கொலாஜன் அப்படியே முகத்துக்குப் போய்ச் சேராது. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் நறுக்கிவிடும். அதை எங்கே செலவிடுவது என்பது உடம்பின் பாடு. உணவுப் புரதமாகப் பார்த்தாலும் அதில் டிரிப்டோஃபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் கிடையாது. முட்டையில் அது உண்டு, பருப்பிலும் உண்டு.

உங்கள் உடம்பே தினமும் கொலாஜன் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த முறுக்கு இறுக வைட்டமின் சி தேவை. அது கிடைக்காமல் மாதக்கணக்கில் கடலில் இருந்த பழைய மாலுமிகளுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது, எப்போதோ ஆறிய தழும்புகூடத் திறந்துகொண்டது. பவுடருக்கு வைத்திருக்கும் பணத்தில் நெல்லிக்காயும் கொய்யாவும் முட்டையும் வாங்குங்கள். வெயிலில் போகும்போது குடை எடுத்துக்கொள்ளுங்கள், தோலின் கொலாஜனை வெயில்தான் அதிகம் சிதைக்கிறது.