‘யாரோ’ வைத்துவிட்டுப் போன பாத்திரம்

கேள்வி: நகரத்து வேலையை விட்டுவிட்டு, கணவரும் நானும் ஏழு வயது மகளுமாக ஒரு கிராமத்துப் பண்ணைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து வாழும் இடம். நிலம், கிணறு, சமையலறை எல்லாம் பொது. என் பங்கு வேலையை ஒரு நாள்கூடத் தவறாமல் செய்துவிடுகிறேன். யாருக்கும் கடன் வைத்ததில்லை. ஆனாலும் இங்கே யாரோடும் ஒட்ட முடியவில்லை. மகள் மட்டும் எந்நேரமும் யார் வீட்டிலாவது இருக்கிறாள். தினமும் இரவில், நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை நோட்டில் எழுதுகிறேன்: மழை, நட்சத்திரங்கள், பறவைச் சத்தம் என்று. எழுதும்போது நன்றாக இருக்கிறது; காலையில் மறுபடி அதே தனிமை. இவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். போன மழைக்காலத்தில் கணவர் ஊரில் இல்லாதபோது எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளும் யாரோ சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பாத்திரம்கூட இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் மனம் விட்டுப் பேச ஒருவர்கூட இல்லை. கிளம்பிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கிளம்புவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் பாத்திரம்.

‘யாரோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடம் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, உங்களுக்குச் சோறு போட்டவர் யாரோ! பதினைந்து வீடுதான் இருக்கிறது, அம்மா. வீட்டுக்கு ஒரு நிமிடம் வைத்துக் கேட்டிருந்தால்கூடக் கால் மணி நேரத்தில் தெரிந்திருக்கும். காய்ச்சல் விட்டு எழுந்த மறுநாள் உங்களுக்கு அந்தக் கால் மணி நேரம் கிடைக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரியும் நோட்டில் மூன்று விஷயங்கள் எழுதியிருப்பீர்கள். அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அதில் என்ன இருக்கிறது? மழையா?

ஒன்றை யோசித்தீர்களா? மூன்று நாள் சாப்பாடு வந்திருக்கிறது, பாத்திரம் ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது. அப்படியானால் முந்தைய நாள் வைத்ததை எடுத்துக்கொண்டு, அடுத்த நாளுக்கானதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் சாப்பிட்டீர்களா, எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள் என்று மூடியைத் திறந்து பார்த்திருப்பார். மழையில் நனைந்துகொண்டு அதைப் பார்த்துவிட்டுப் போனவர், நான்காம் நாள் நீங்கள் வெளியே வருவீர்கள், ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று எதிர்பார்த்திருக்கமாட்டாரா? அடுத்த மழைக்காலமே வரப்போகிறது. ‘ஒட்ட முடியவில்லை’ என்று எனக்கு எழுதுகிறீர்கள். அவரைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்?

நன்றியுணர்வு, நன்றியுணர்வு என்று இப்போது எல்லோரும் பேசுகிறோம். தமிழில் அதற்கு இருந்த பழைய பேச்சு வேறு. செய்ந்நன்றி அறிதல் என்றார்கள். நன்றி என்றால் ஒருவர் நமக்குச் செய்த நல்லது. அதை ‘அறிய’ வேண்டும். யார் செய்தார், எப்போது செய்தார், அப்போது அவர் வீட்டில் என்ன கஷ்டம் இருந்தது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சு நிறைந்து கண்ணில் நீர் வருவது அதற்கு அப்புறம்தான். நீங்கள் அறிவதை விட்டுவிட்டு உணர்வை மட்டும் தேடுகிறீர்கள். மழைக்கு நீங்கள் நன்றி சொல்லாவிட்டாலும் மழை பெய்யும். மனிதர்கள் அப்படி இல்லை. கவனிக்கப்படாமலே செய்துகொண்டிருந்தால் ஒரு நாள் கை சலித்துப்போகும்.

நோட்டு எழுதுவதைக் குறை சொல்லவில்லை. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பழக்கம் பரவ ஒரு முக்கியக் காரணம். அதில் கலந்துகொண்டவர்கள் எழுதிய பட்டியலில் நண்பர்களின் தாராள மனசு இருந்தது, பெற்றோர் இருந்தார்கள். நீங்கள் எனக்குச் சொன்ன மூன்றில் ஒரு மனுஷர் இல்லை.

அடுத்தது, ‘யாருக்கும் கடன் வைத்ததில்லை’ என்கிறீர்கள். பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் வருத்தமாக இருக்கிறது. பன்னிரண்டு பேர் ஒரே அடுப்பில் சாப்பிட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். கணக்குத் தீர்த்துவிட்டு எழுந்து போனால் அது குடும்பம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். நம்மைப் பெற்றவளுக்கு யாராவது கணக்கைத் தீர்க்க முடியுமா? தீராமல் இருப்பதால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

பலர் சேர்ந்து வாழும் இடத்தில் வேலைக்கு முறை வேண்டும், மறுக்கவில்லை. 1910-ல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகே நண்பர் காலன்பாக் கொடுத்த நிலத்தில் காந்தி டால்ஸ்டாய் பண்ணையை நடத்தியபோது, எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். பொதுப் பாத்திரங்களை முறை வைத்துக் கழுவ வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற கிறிஸ்தவப் புனிதர் மடத்துத் துறவிகளுக்கு எழுதிய விதியிலும் சமையலறை வேலை வாரமுறைதான். ஆனால் வாரம் முடிந்து முறை மாறும்போது, வேலையை முடித்தவரும் அடுத்து ஏற்பவரும் சேர்ந்து எல்லோருடைய கால்களையும் கழுவ வேண்டும் என்று அவர் எழுதினார். பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல், பொறுப்பாளரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார். பொறுப்பாளரிடம், கவனியுங்கள். வேலை முடிந்தால் மட்டும் போதாது, மனிதர் முன்னால் போய் நிற்கவும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் உங்கள் தட்டைப் பளிச்சென்று கழுவி வைக்கிறீர்கள். மற்றவர் பாத்திரம் அலமாரியில் தூங்குகிறது.

இப்போது செய்ய வேண்டியது. அதை எடுத்துத் துடையுங்கள். கணவரிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பொதுச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தால், நீங்கள் இன்னொரு ‘யாரோ’ ஆகிவிடுவீர்கள். நேரில் போங்கள். ‘இத்தனை நாள் கழித்தா, கூச்சமாக இருக்கிறதே’ என்பீர்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் 2018-ல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், வாங்குபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்த அளவுக்குச் சங்கடம் இருக்கவில்லை. சந்தோஷமோ அவர்கள் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. அதனால் ‘தாமதமாகிவிட்டது, என் தப்புதான்’ என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். அவர் கையில் வேலை இருந்தால் நீங்களும் கை கொடுங்கள், உங்கள் முறை இல்லாவிட்டாலும். எழுந்து வரும்போது அவரிடம் ஏதாவது ஒரு உதவி கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டு வருடத்தில் நீங்கள் யாரிடமும் எதுவும் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்காதவரிடம் யார் மனம் விட்டுப் பேசுவார்கள்?

இதெல்லாம் செய்து ஆறு மாதம் ஆன பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள், தடுக்கமாட்டேன். அந்தப் பாத்திரத்தை மூட்டையில் கட்டிக்கொண்டு மட்டும் போகக் கூடாது.

யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? நாள் முழுக்க அந்த வீடுகளில் திரிகிற ஒருத்தி உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். சாயங்காலம் மகள் விளையாடிவிட்டு வந்ததும் அலமாரியைத் திறந்து காட்டுங்கள். எந்த வீட்டுப் பாத்திரம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.