தேங்காயைக் கமெரா எண்ணினால் சரியாக வருமா?

பளையில் நாலு ஏக்கர் தென்னை, நான் இருப்பது வெள்ளவத்தையில். காவலுக்கு நிற்பவர் போனில் படம் எடுத்து அனுப்பினால் எத்தனை காய் என்று தெரியுமா?

தெரியும், படத்தைப் பார்த்துக் காய் எண்ணப் பழக்கிய கணினி நிரல் (மொடல்) எண்ணித் தரும், ஆனால் வருகிற தொகையை அப்படியே நம்பி வியாபாரியோடு விலை பேசிவிடாதீர்கள். மட்டையும் மற்றக் குலையும் மறைக்காத காய்தான் கமெராவுக்குத் தெரியும், அதனால் ஒவ்வொரு மரத்தையும் நாலு பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் இருபது மரத்திலாவது ஆள் ஏற்றிக் கையால் எண்ணி, மொடல் சொன்னதற்கும் உண்மைக்கும் என்ன விகிதம் என்று பார்த்து, அதை வைத்து மற்ற மரங்களின் கணக்கைத் திருத்துங்கள். ஒரே காய் இரண்டு படத்தில் விழும்தான், எல்லா மரத்தையும் ஒரே மாதிரி எடுத்தால் அதையும் அந்த விகிதமே சரிக்கட்டும். இருபதும் ஒரே மூலையில் வேண்டாம், வேலியோரம், நடு, பள்ளம் என்று கலந்து எடுங்கள்.

தென்னையில் எண்ணிக்கையைவிட வயசு முக்கியம். நல்ல மரம் மாதம் ஒரு பாளை விடும், பாளை வெடித்துக் காய் முற்ற 11, 12 மாதம் ஆகும், ஆக ஒரே வட்டில் எல்லா வயசுக் குலையும் நிற்கும். குரும்பையை எண்ணிச் சந்தோஷப்பட வேண்டாம், முதல் சில மாதங்களில் நிறைய உதிர்ந்துவிடும். ஆறு மாதம் தாண்டிய குலைகளைப் படங்களில் தனியாக அடையாளமிட்டு மொடலைப் பழக்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பறிப்பு என்றால் அடுத்த மூன்று பறிப்பின் கணக்கு கையில் இருக்கும்.

ட்ரோன் வாங்கட்டுமா?

காய் எண்ணவென்றால் வேண்டாம், நேர் மேலிருந்து ஓலைதான் தெரியும். எத்தனை மரம் நிற்கிறது, எது பட்டுப்போனது, எந்தப் பக்கம் மஞ்சளடிக்கிறது என்று பார்க்க அருமையான சாமான். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பார்த்துவிட்டுப் பறக்க விடுங்கள்.

மட்டக்களப்பில் கஜு வைத்திருக்கிறோம், அதற்கு?

கஜுப் பழம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ பழுப்பதால் கண்டுபிடிப்பது லேசு, பச்சைப் பிஞ்சுதான் இலையோடு கலந்துவிடும். பூவும் பிஞ்சும் பழமும் ஒரே நேரத்தில் நிற்கிற மரம் அது, பழுத்தது தானாக விழும். ஒரு நாள் படம் பருவம் முழுவதையும் சொல்லாது. வாரம் ஒருமுறை அதே மரங்களை எடுத்து, பொறுக்கிய கொட்டையை நிறுத்துக் கூடவே குறித்து வையுங்கள்.

கலிஃபோர்னியா பாதாம் தோட்டத்துக்குச் செய்த மொடலை இறக்கினேன், ஓடுமா?

ஓடும், தப்பாக எண்ணும். அங்கே இயந்திரத்தால் மரத்தை உலுக்கிக் காயை மொத்தமாக விழுத்துகிறார்கள், நம் மரமும் பறிப்பும் வேறு. உங்கள் தோட்டத்துப் படங்கள் சில நூறில் காய்களைச் சுற்றி நீங்களே கட்டம் போட்டு மறுபடி பழக்குங்கள். வெயில், மப்பு, பின்னேரம் மூன்றும் அந்தப் படங்களில் இருக்கட்டும்.