துடிப்பு பிசகும்போது: வாசகர் கேள்விகளுக்கு இதய மருத்துவரின் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதயத் துடிப்பைப் பற்றியவை. அவற்றை ஒன்றாக வைத்துப் படித்தபோது, துடிப்புக் கோளாறில் நோயாளி படும் தொல்லையும் அவருக்கு உள்ள ஆபத்தும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதை வாசகர்களுக்கு அழுத்தமாகச் சொல்லத் தோன்றியது. நெஞ்சு வெடித்துவிடுமோ என்று பயந்து எழுதியவருக்கு உயிராபத்து குறைவு. எந்தத் தொல்லையும் இல்லை என்று சொல்பவரின் மகளுக்குத்தான் நான் முதலில் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: என் தந்தைக்கு 69 வயது. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உண்டு. ஓராண்டுக்கு முன் கண்புரை அறுவை சிகிச்சைக்காக ஈசிஜி எடுத்தபோது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பதாகக் கூறி, ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸபான் மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடச் சொன்னார்கள். சென்ற மாதம் பல் பிடுங்குவதற்காக நிறுத்தியவர், பிறகு தொடரவேயில்லை. “எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே” என்கிறார். இதற்குப் பதிலாக ஆஸ்பிரின் போதாதா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: போதாது. இதைப் படித்தவுடன், மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசி, அதை மீண்டும் தொடங்க ஏற்பாடு செய்யுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். காரணம் புரிந்தால்தான் உங்கள் தந்தை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுவார்.

இதயத்தின் வலது மேலறையில் உச்சிப் பக்கமாக உள்ள ஒரு சிறு திசுத் திரள், ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டலை எழுப்புகிறது. அது மேலறைகளில் பரவி, நடுவில் ஒரு கணம் தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இந்த ஒழுங்கு குலைந்து, மேலறைகளில் நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட மின்னலைகள் தாறுமாறாக ஓடுவதால், அவை முழுமையாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. இடது மேலறையை ஒட்டி, காது மடலைப் போல ஒரு சிறு பை இருக்கிறது. சுருங்காத மேலறையில் ரத்தம் தேங்கும்போது பெரும்பாலும் அந்தப் பைக்குள்தான் ரத்தக் கட்டி உருவாகிறது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு அதிகம். உங்கள் தந்தைக்கு வயதும், சர்க்கரையும், ரத்த அழுத்தமும் சேர்ந்து அதை இன்னும் கூட்டுகின்றன. உறைவைத் தடுக்கும் மருந்து அந்த வாய்ப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது. ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் மருந்து. தேங்கிய ரத்தத்தில் உண்டாகும் இந்த வகைக் கட்டிக்கு அது சரியான காவல் அல்ல, ரத்தக்கசிவு அபாயமோ அதிலும் உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை வேறு, உறைவைத் தடுக்கும் மாத்திரை வேறு. முன்னது தொல்லையைக் குறைக்கும். பின்னது பக்கவாதத்தைத் தடுக்கும். படபடப்பு இல்லை என்பதற்காகப் பின்னதை நிறுத்தக் கூடாது.

பல் பிடுங்குவதற்காக இந்த மருந்தை நாள்கணக்கில் நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. சாதாரணமாக ஒரு பல்லை எடுப்பதற்கு நிறுத்தாமலேயே செய்யலாம், அல்லது இதய மருத்துவரைக் கேட்டு அன்றைய ஒரு வேளையை மட்டும் தள்ளிப்போடலாம். அபிக்ஸபானின் வேலை நாளுக்கு இரண்டு வேளை என்ற கணக்கில்தான் நடக்கிறது. சில வேளைகள் தொடர்ந்து விட்டுப்போனாலே பாதுகாப்பு போய்விடும்.

என்னிடம் மருத்துவம் பார்த்துவந்த ஒரு கைத்தறி நெசவாளர், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்ததைப் பார்த்துப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். பதினொன்றாம் நாள் தறியில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய வலது கையிலிருந்து நாடா நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. இன்று அவர் நடக்கிறார், தறியில் உட்காருவதில்லை. ஈறில் ரத்தம் வந்தால் நிறுத்துவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து தொங்குதல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எப்போது அபிக்ஸபான் சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்பது அதைப் பொறுத்தது.

கேள்வி: சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் கெட்டுப்போன மைட்ரல் வால்வை மாற்றி, உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறேன். கீரையே தொடக் கூடாதா? புதிய மாத்திரைக்கு மாறினால் மாதா மாதம் ரத்தப் பரிசோதனை தேவையில்லை என்கிறார்களே? (வாசகி, தருமபுரி)

பதில்: கீரை சாப்பிடலாம். அதிலுள்ள வைட்டமின் கே உங்கள் மருந்துக்கு எதிராக வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் கெடுதல் செய்வது கீரை அன்று, ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறு வாரம் ஒன்றுமே இல்லை என்ற ஏற்ற இறக்கம்தான். வாரத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட்டால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையின் அளவுக்கு ஏற்ப மருந்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

புதிய மாத்திரைக்கு மட்டும் மாறாதீர்கள். உலோக வால்வு உள்ளவர்களுக்கு டாபிகாட்ரான் என்ற புதிய மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, ரத்தக் கட்டியும் ரத்தக்கசிவும் அதிகமானதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மூட்டுக் காய்ச்சலால் வால்வு சுருங்கி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ளவர்களிடமும், 2022-ல் வெளியான பெரிய ஆய்வில் ரிவரோக்ஸபான் என்ற இன்னொரு புதிய மாத்திரையைவிட, அசிட்ரோமும் சேர்ந்த வார்ஃபரின் வகை மருந்தே நல்ல பலன் தந்தது. கருத்தரிக்க எண்ணம் இருந்தால், கருவுறுவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். அசிட்ரோம் முதல் மாதங்களில் கருவைப் பாதிக்கக்கூடியது.

கேள்வி: எனக்கு 34 வயது, பள்ளி ஆசிரியை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இதயம் பறக்கத் தொடங்குகிறது. தொண்டைக்குழியில் அடிப்பது கண்ணாடியில் பார்த்தாலே தெரிகிறது. இருபது நிமிடம் கழித்துச் சட்டென்று நின்றுவிடும். மருத்துவமனைக்குப் போவதற்குள் சரியாகிவிடுவதால் ஈசிஜி எப்போதும் நார்மல். மனப் பதற்றம் என்று மாத்திரை தருகிறார்கள். (வாசகி, திருநெல்வேலி)

பதில்: பதற்றத்தில் துடிப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நீங்கள் எழுதியிருப்பதோ ஸ்விட்சைப் போட்டு அணைத்ததுபோல இருக்கிறது. நின்ற பிறகு அடக்க முடியாமல் நிறையச் சிறுநீர் போகிறதா என்று கவனியுங்கள். அதுவும் இருந்தால் என் ஐயம் இன்னும் வலுப்படும். இதை எஸ்விடி என்போம். மின்சாரம் இறங்க வேண்டிய பாதைக்குப் பக்கத்தில் பிறவியிலேயே இன்னொரு பாதை இருந்து, மின்னலை ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறிச் சுற்றிச் சுற்றி ஓடுவதுதான் பொதுவான காரணம். உயிராபத்து அரிது, ஆனால் அது உங்கள் மனம் செய்கிற வேலை என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

தேவைப்படுவது ஒரே ஒரு காகிதம்: படபடப்பு நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த ஈசிஜி. பள்ளிக்கு மிக அருகில் ஈசிஜி வசதி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். தாக்குதல் வந்ததும் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு நேராக அங்கே போய், “முதலில் ஈசிஜி எடுங்கள், பிறகு மற்றதைப் பேசலாம்” என்று கேளுங்கள். மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறதென்றால் உடலில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரம் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்ட்டர் கருவியில் அது அகப்படாமல் போகலாம்.

நோய் உறுதியான பிறகு, அதை நிறுத்த ஒரு எளிய முறையைக் கற்றுக்கொள்ளலாம். சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் வாயில் ஊதி, உள்ளிருக்கும் தண்டு சற்று நகரும் அளவுக்கு 15 விநாடி முக்க வேண்டும். உடனே மல்லாந்து படுத்து, கால்களை வேறொருவர் 45 பாகை உயர்த்தி 15 விநாடி பிடிக்க வேண்டும். 2015-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், வெறுமனே உட்கார்ந்து முக்கியவர்களில் 17 விழுக்காட்டினருக்கும், இப்படிக் கால் உயர்த்திப் படுத்தவர்களில் 43 விழுக்காட்டினருக்கும் துடிப்பு சீரானது. முதல் தடவை மருத்துவர் முன்னிலையில் செய்து பாருங்கள்.

அடிக்கடி வந்தால், நிரந்தரத் தீர்வு அப்லேஷன். தொடையின் சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, தேவையற்ற பாதையைச் சூடாக்கி அழிப்பார்கள். நெஞ்சைத் திறப்பதில்லை. இந்த வகை எஸ்விடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் குணமாகிறார்கள். இயல்பான பாதையும் சேர்ந்து பாதிக்கப்பட்டு பேஸ்மேக்கர் தேவைப்படும் அபாயம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே இருக்கும். துடிப்பின்போது மயங்கி விழுந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே வாருங்கள்.

கேள்வி: ராத்திரி படுத்தால் இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு, அடுத்ததைப் பலமாக அடிக்கிறது. காபிதான் காரணமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது, அதை நாம் உணர்வதில்லை. அதன்பின் ஏற்படும் இடைவெளியில் இதயம் நிறைய ரத்தத்தை வாங்கிக்கொள்வதால், அடுத்தது பலமாக விழுகிறது. எக்கோ பரிசோதனை நன்றாக இருந்து, மயக்கமோ மூச்சுத்திணறலோ இல்லையென்றால் இதற்குப் பெரும்பாலும் மருந்து தேவையில்லை. காபியை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். மாற்றம் தெரியாவிட்டால் மறுபடி குடிக்கலாம். தூக்கமின்மையும் புகையிலையும் மதுவும் காபியைவிடப் பெரிய காரணங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. இரண்டு முறை குளியலறையில் விழுந்துவிட்டார். நாடி 38 என்றும், முழு ஹார்ட் பிளாக் என்றும், பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். “இந்த வயதில் எதற்கு? மிஷின் நெஞ்சுக்குள் இருந்தால் உயிர் எப்படிப் போகும்?” என்று மறுக்கிறார். (வாசகர், சேலம்)

பதில்: முதலில் அம்மாவின் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள், கண்ணில் விடும் சொட்டு மருந்து உட்பட. கண் நீர் அழுத்தத்துக்குக் கொடுக்கும் டிமோலால் சொட்டு மருந்தே சில முதியவர்களின் துடிப்பை இப்படிக் குறைத்துவிடும். கண் மருந்துதானே என்று யாரும் சொல்வதில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்தாலும், தைராய்டு குறைந்திருந்தாலும் துடிப்பு குறையலாம். இவை எதுவும் இல்லையென்றால் பேஸ்மேக்கரைத் தள்ளிப்போடாதீர்கள். முழு அடைப்பில் மேலறையின் மின்சாரம் கீழே இறங்குவதேயில்லை. கீழறை தன் சொந்த மெதுவான வேகத்தில் ஓடுகிறது, அதுவும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. இதற்கு மாத்திரை கிடையாது.

1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில், தினமும் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்த ஆர்னே லார்சன் என்பவருக்கு, அவருடைய மனைவி விடாமல் வற்புறுத்தியதால், ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவரும் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளரும் உலகின் முதல் உட்பொருத்து பேஸ்மேக்கரை வைத்தார்கள். அது சில மணி நேரமே ஓடியது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001-ல் 86-ஆவது வயதில் புற்றுநோயால் இறந்தார் லார்சன். அவர் இறக்கும்போது அந்த இருவருமே உயிருடன் இல்லை.

இன்றைய கருவி இருபது முப்பது கிராம் எடைதான். காறை எலும்புக்குக் கீழே, மரத்துப்போகும் ஊசி போட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பொருத்திவிடுவார்கள். மின்கலம் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வரும். முதல் சில வாரங்கள் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. செல்போனை மறு பக்கக் காதில் வைத்துப் பேசலாம். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதைப் பொருத்திக்கொள்ள வழி இருக்கிறது.

அம்மாவின் இரண்டாவது கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். எத்தனையோ பெரியவர்கள் மனதில் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்குவது அது. பேஸ்மேக்கர் துடிப்பைத் தூண்டும் மின்சாரத்தை மட்டுமே தரும். உடல் ஓய்ந்து இதயத் தசையே ஏற்காத நிலை வந்துவிட்டால் அந்தத் தூண்டலுக்குப் பலன் இராது. உயிர் பிரிவதை அது தடுக்காது. தகனத்துக்கு முன் மட்டும் கருவியை ஒரு சிறு கீறலில் எடுத்துவிட வேண்டும், அதன் மின்கலம் வெப்பத்தில் வெடிக்கும். இதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே, அறுவைக்கு நாள் குறிக்கும்வரை அவர் தனியாகக் குளிக்கப் போகாமலும், குளியலறைக் கதவைத் தாழிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.