பஸ்ஸில் நியூசிலாந்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் என் தோழியும் பிப்ரவரியில் மூன்று வாரம் நியூசிலாந்து போகிறோம். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. விசாரித்த எல்லோரும் "கார் இல்லாமல் அங்கே போவதே வீண்" என்கிறார்கள். முதுகுப் பையோடு பஸ்ஸிலேயே சுற்றியதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். நிஜமாகவே முடியுமா? இரண்டு தீவுகளையும் பார்த்துவிடலாமா?

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

தாராளமாக முடியும். மறுபடி போனாலும் நான் பஸ்ஸில்தான் போவேன். ஆனால் இரண்டு தீவையும் மூன்று வாரத்தில் முடித்துவிடும் யோசனை வேண்டாம். தெற்குத் தீவு போதும். கடைசி மூன்று நாளை மட்டும் வடக்குத் தீவிலுள்ள தலைநகர் வெலிங்டனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் நாடு சின்னதாகத் தெரியும். கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து குவீன்ஸ்டவுன் 480 கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்கு எட்டு மணி நேரம் ஆகிவிடும். மேற்குக் கரையில் பல தடங்களில் நாளுக்கு ஒரே பஸ். பனியாற்றுக்குப் பக்கத்திலுள்ள ஃபிரான்ஸ் ஜோசஃப் என்ற ஊரில் ஐந்து நிமிடம் பிந்திப் போய் நான் அதைத் தவறவிட்டேன். முதல் இரண்டு நாளும் ஒரே மேகம், மலையே தெரியவில்லை. பஸ் போன மறுநாள் காலையில் மேகம் விலகி, பனியாறு கண்ணுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. 2008-க்குப் பிறகு அது வெகுவாகப் பின்வாங்கிவிட்டது, தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். ஆனாலும் ஒரு மணி நேரம் அங்கிருந்து நகர மனம் வரவில்லை. அதனால் சொல்கிறேன், எந்த ஊரிலும் இரண்டு இரவுக்குக் குறைவாகத் தங்காதீர்கள். ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

டே அனா என்ற ஊரிலிருந்து, மலைகளுக்கிடையே கடல் புகுந்த மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகும் சாலை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அங்கே ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் சென்னைக்கு 1,400 தான். மழை என்று கேட்டதும் டிக்கெட்டை ரத்து செய்துவிடாதீர்கள். மழை பெய்தால்தான் செங்குத்துப் பாறைச் சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் அருவிகள் இறங்கும், மழை விட்டால் சில மணி நேரத்தில் காணாமல் போகும். வழியில் ஹோமர் சுரங்கப்பாதை. 1935-இல் ஒரு சில ஆட்கள் கடப்பாரையும் தள்ளுவண்டியுமாக ஆரம்பித்த வேலை, போக்குவரத்துக்குத் திறந்தது 1954-இல். நீளம் 1.2 கிலோமீட்டர். உள்ளே பாறை இன்னும் கொத்திய கொத்தாகவே இருக்கிறது. வாசலில் சிக்னலுக்காக பஸ் நின்றபோது கியா என்ற மலைக்கிளி ஒன்று பக்கத்துக் காரின் கூரையில் குதித்து, கதவோரத்து ரப்பரை நிதானமாக உரிக்கத் தொடங்கியது. சாம்பல் பச்சை உடம்பு. பறக்கும்போதுதான் இறக்கையின் அடியில் இருக்கும் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. ஓட்டுநர் மைக்கில், "தயவுசெய்து எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள், அதன் உடம்புக்கு ஆகாது" என்றார். அங்கே ஓட்டுநர்கள் வழியெல்லாம் இப்படிப் பேசிக்கொண்டே வருவார்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். விடுதிகளில் பொதுச் சமையலறை உண்டு. ஊர் கிளம்புகிறவர்கள் விட்டுப்போன அரிசி, உப்பு, எண்ணெய் ஓர் அலமாரித் தட்டில் இருக்கும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ரசப்பொடி கொண்டுபோனால் விமான நிலையப் படிவத்தில் அதை எழுதிவிடுங்கள். மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ஷூவில் மண் இருந்தால்கூட சோதிப்பார்கள், கழுவிக்கொண்டு போங்கள்.

அப்புறம், தெற்குத் தீவின் வடகோடியிலுள்ள பிக்டன் துறைமுகத்திலிருந்து கப்பல். மூன்றரை மணி நேரத்தில் வெலிங்டன். அங்கே டே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் 13 சென்டிமீட்டர் உயரமுள்ள உடைந்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, வடக்குத் தீவின் வங்காரே பக்கத்தில் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடம் அதைப் பார்த்தார். உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதன் விளிம்பைச் சுற்றிப் பழைய தமிழ் எழுத்து, 'முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்று. எந்தக் கப்பல், எப்படி அங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 6 அவர்களுக்கு வைதாங்கி நாள், விடுமுறை. அந்த வாரம் விடுதிகள் நிரம்பிவிடும். படுக்கையையும் மில்ஃபோர்ட் பஸ்ஸையும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.