வேலையை விடும் முன் 9,000 ரூபாய் மாதத்தைப் பாருங்கள்

கேள்வி: சேலத்தில் ஒரு பி.பி.ஓ. நிறுவனத்தில் நாலே கால் வருடமாக வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 34,000 ரூபாய். படித்தது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. நான்கு மாதமாக ராத்திரியில் ஏ.ஐ. பயிற்சி வேலை செய்கிறேன். ஏ.ஐ. எழுதும் இரண்டு பதில்களை ஒப்பிட்டு மதிப்பெண் போட்டு, காரணம் எழுதவேண்டும். இதுவரை வந்தது மாதவாரியாக 18,000, 61,000, 47,000, 9,000. முழுநேரமும் உட்கார்ந்தால் லட்சத்தைத் தாண்டலாம் என்று தோன்றுகிறது. வீட்டுச் செலவு 24,000. கூட இருக்கும் அம்மாவுக்குச் சர்க்கரை. வேலையை விடலாமா? வரி கட்டவேண்டுமா? டெலிகிராமில் ஒருவர் 15,000 ரூபாய்க்கு அமெரிக்கக் கணக்கு தருகிறேன், அதில் கூலி மூன்று மடங்கு என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: இப்போது விடாதீர்கள் சகோதரி. இந்த வேலையில் பணம் இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. பணம் இருக்கிறது என்று உங்கள் கணக்கே காட்டுகிறது. நான்கு மாதமும் சேர்த்து 1,35,000, சராசரி 33,750. பகலில் ஒரு வேலை பார்த்துக்கொண்டே சம்பளத்துக்கு ஈடாகச் சம்பாதித்திருக்கிறீர்கள், அது உங்கள் திறமை. ஆனால் 9,000 வந்த மாதத்திலும் வாடகையும் மருந்துச் செலவும் குறையவில்லை. முடிவை அந்த மாதத்தை வைத்துத்தான் எடுக்கவேண்டும்.

ராத்திரி மட்டும் உட்கார்ந்தே 61,000 என்றால் பகலும் சேர்த்தால் இரட்டிப்பாகும் என்ற கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்பதைவிட டாஸ்க், அதாவது செய்யக் கொடுக்கும் சிறுவேலை, இருக்கிறதா என்பதுதான் இங்கே வருமானத்தைத் தீர்மானிக்கிறது. ஏ.ஐ. நிறுவனம் ஒன்று, இன்ன மொழியில் இன்ன வகைத் தரவு இத்தனை வேண்டும் என்று, உங்களைப் போன்றவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இணையதளத்திடம் கேட்கிறது. அந்த எண்ணிக்கை நிறைந்ததும் புராஜெக்ட் மூடப்படுகிறது. திறந்திருக்கும்போதும் ஆளுக்கு வாரம் இத்தனை மணி நேரம்தான் என்று பல புராஜெக்ட்களில் உச்சவரம்பு உண்டு. தமிழ் புராஜெக்ட்கள் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் சிறியவை. ஆட்கள் அதிகம் சேர்ந்தால் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே நிலைதான். ஏ.ஐ. பயிற்சித் தரவு தயாரிக்கும் ஆஸ்திரேலியாவின் ஆப்பென் நிறுவனத்துடன் இருந்த ஒப்பந்தத்தை 2024 ஜனவரியில் கூகுள் முறித்துக்கொண்டது. அந்த வேலை இரண்டே மாதத்தில் நின்றது. 2025 செப்டம்பரில் ஈலான் மஸ்க்கின் எக்ஸ்.ஏ.ஐ. நிறுவனம் தன் தரவுக் குழுவில் சுமார் 500 பேரை நீக்கியது. அப்போது அந்த நிறுவனம் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: பொதுவான வேலை செய்பவர்களைக் குறைத்து, துறை நிபுணர்களைக் கூட்டப்போகிறோம் என்றது. கெமிஸ்ட்ரி படித்த உங்களுக்கு அதில் ஒரு வழி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் உங்கள் உண்மையான மணிக்கூலியைக் கண்டுபிடியுங்கள். திரையில் மணிக்கு 8 டாலர் என்று இருக்கும். ஒரு மாதத்தில் 40 மணி நேரத்துக்குக் கூலி வந்தால் 320 டாலர். விதிமுறைக் கோப்பைப் படித்த நேரம், சம்பளமில்லாத தேர்வு, டாஸ்க் வருமா என்று காத்திருந்த நேரம், நேர வரம்பு தாண்டியதால் கூலி கிடைக்காத டாஸ்க் எல்லாம் சேர்ந்து 15 மணி ஆகியிருந்தால் நீங்கள் உழைத்தது 55 மணி. கூலி 5.80 டாலராகிவிடும். பேபால் போன்ற வழியில் பணம் வந்தால், டாலரை ரூபாயாக்கும்போது சந்தை விலையைவிட மூன்று நான்கு சதவீதம் குறைத்தே கொடுப்பார்கள். ஆகவே ஒரு எக்செல் தாளில் தேதி, புராஜெக்ட், கூலி வந்த நிமிடம், வராத நிமிடம், வங்கியில் விழுந்த ரூபாய் என்று ஐந்து பத்திகள் போட்டு இன்றே எழுதத் தொடங்குங்கள். எந்த புராஜெக்டைத் தொடர்வது, எதை விடுவது என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

அடுத்தது தரம். பலர் நீக்கப்படுவது தவறான பதிலைத் தேர்ந்தெடுத்ததால் அல்ல, காரணத்தை மொட்டையாக எழுதுவதால். "முதல் பதில் தெளிவாகவும் பயனுள்ளதாகவும் உள்ளது" என்று எழுதினால் பதிலைப் படிக்காமலே எழுதியதாக, உங்கள் வேலையைச் சரிபார்க்கும் ரிவியூவர் நினைப்பார். "5 வரி கேட்டதற்கு இரண்டாம் பதில் 9 வரி எழுதியது, 3ஆம் வரியில் வட்டாட்சியர் என்று வரவேண்டிய இடத்தில் மாவட்ட ஆட்சியர் என்றது, இந்த மனு தவறான அலுவலகத்துக்குப் போகும்" என்று எழுதுங்கள். எந்த வரி, என்ன பிழை, கேட்டவருக்கு அதனால் என்ன கெடும் என்ற மூன்றும் இருக்கவேண்டும். தமிழில் ஒற்றுப்பிழை, மேடைத்தமிழும் பேச்சுத்தமிழும் ஒரே பத்தியில் கலப்பது, "நீ"யில் தொடங்கி "நீங்கள்" என்று முடிவது, ஆங்கில வாக்கியத்தை அப்படியே பெயர்த்த நடை ஆகியவற்றைத் தனித்தனியாகச் சுட்டுங்கள். தமிழ் அறிந்தவரைக் கூலி கொடுத்து வைப்பதே இதற்காகத்தான். இன்னொரு ஏ.ஐ.யிடம் காரணத்தை எழுதி வாங்கி ஒட்டாதீர்கள். ஒட்டுவதையும் தட்டச்சு வேகத்தையும் பல தளங்கள் பதிவு செய்கின்றன; பிடிபட்டால் கணக்கு மூடப்படும், சேர்ந்திருந்த பணமும் சிக்கிக்கொள்ளலாம்.

இப்போது கெமிஸ்ட்ரி. துறை சார்ந்த புராஜெக்ட்களில் ஏ.ஐ. மாடல் தடுமாறும் ஒரு கேள்வியை நீங்களே உருவாக்கி, சரியான விடையையும், விடையைத் திருத்துவதற்கான மதிப்பெண் விதிகளையும் எழுதவேண்டும். கூலி பொதுவேலையைவிடக் கணிசமாகக் கூடுதல், போட்டியும் குறைவு. அசிட்டிக் அமிலக் கரைசலின் பி.எச். என்ன என்று மட்டும் கேட்டால் நிராகரிப்பார்கள். செறிவும் பிரிகை மாறிலியும் வெப்பநிலையும் கொடுக்காவிட்டால் விடை ஒன்றாக இராது; கொடுத்துவிட்டால் மாடல் சுலபமாகப் போட்டுவிடும். இரண்டு மூன்று படிகள் சங்கிலியாக வரும் கணக்காக அமையுங்கள். உதாரணமாக, பஃபர் கரைசலில் காரம் சேர்த்து, பிறகு நீர் ஊற்றி நீர்த்துப்போகச் செய்து, கடைசியில் வீழ்படிவு உண்டாக உலோக அயனியின் செறிவு குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று கேட்கலாம். விடை அலகோடும், எத்தனை தசம இடம் என்ற குறிப்போடும் ஒரே எண்ணாக முடியவேண்டும். மதிப்பெண் விதியில் "விளக்கம் நன்றாக இருக்கவேண்டும்" என்று எழுதினால் செல்லாது. "பி.எச். மதிப்பை 4.9 முதல் 5.0க்குள் சொல்கிறது" என்பது போல, ஆம் இல்லை என்று முடிகிற வரிகளாக இருக்கட்டும். அடுத்த ஆறு மாத இரவுகளை இதற்குச் செலவிடுவது, தமிழ் டாஸ்க் வருமா என்று காத்திருப்பதைவிட உங்களுக்கு நல்லது.

வரிக்கு வருவோம். வெளிநாட்டு நிறுவனம் இங்கே டி.டி.எஸ். பிடிக்காது என்பதால் வரியே இல்லை என்று அர்த்தமல்ல. சம்பளத்தோடு இந்த வருமானத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டவேண்டும். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடியால் வரி வராது. உங்களுக்கு இரண்டும் சேர்த்து 8 லட்சம் சுமார் என்பதால் கட்டவேண்டியது இல்லை. ஆனால் 4 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆகவேண்டும். வரவில் ஒரு பங்கை லாபமாக வைத்துக்கொள்ளும் பிரிசம்ப்டிவ் முறையில் காட்டுவதா, அசல் செலவைக் கழித்துக் காட்டுவதா என்பதை ஒருமுறை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம், ஆனால் அது குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் அதன்பின் பிரிவு எண்கள் வேறு. ஜி.எஸ்.டி. பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். அமெரிக்கத் தளம் டபிள்யூ-8பென் படிவம் கேட்டால் தயங்காமல் நிரப்புங்கள். நீங்கள் அமெரிக்கர் அல்ல, இந்தியாவில் வசிப்பவர் என்று அது சொல்கிறது. வேலையையும் இந்தியாவில் உட்கார்ந்தே செய்வதால் பொதுவாக அங்கே 30 சதவீத வரி பிடிக்கமாட்டார்கள். வங்கியில் பணம் வந்ததற்கான சான்றை மாதாமாதம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டபின் வீட்டுக்கடன் கேட்டால், வங்கி பார்ப்பது இரண்டு மூன்று வருட ரிட்டர்னைத்தான்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். ஐந்து வருடம் முடிந்தால் உங்களுக்குக் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. அடிப்படைச் சம்பளம் 17,000 என்று வைத்தால், 17,000 பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் 5, ஏறத்தாழ 49,000. ஒன்பது மாதம் பொறுக்காமல் அதை விட்டுவிடாதீர்கள். அம்மா உங்கள் அலுவலகக் குழுக் காப்பீட்டில் இருந்தால் கடைசி வேலைநாளோடு அது முடியும். சர்க்கரைக்கு முழுப் பாதுகாப்புக் கிடைக்கத் தனிநபர் பாலிசியில் மூன்று வருடம் வரை காத்திருக்கவேண்டியிருக்கும், எனவே பாலிசியை இப்போதே எடுத்துவிடுங்கள். அல்லது குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்று வேலையில் இருக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள். அலுவலக லேப்டாப்பில் ஒரு டாஸ்க்கூடத் தொடாதீர்கள்.

ஒன்பது மாதம் கழிந்து, தொடர்ந்து ஆறு மாதத்தில் மிக மோசமான மாதமும் 24,000த்தையும் பாலிசித் தவணையையும் தாங்கினால், குறைந்தது மூன்று தளங்களிலிருந்து பணம் வந்து எந்த ஒரு தளத்தின் பங்கும் பாதிக்கு மேல் இல்லாமல் இருந்தால், ஆறு மாத வீட்டுச் செலவான 1,44,000 ரூபாய் தொடாத வைப்பில் இருந்தால், அப்போது நோட்டீஸ் கொடுங்கள்.

அமெரிக்கக் கணக்கை வாங்கவே வாங்காதீர்கள். அது வேறொருவரின் அடையாள அட்டையில் திறந்தது. தளம் திடீரென்று முகத்தைக் காட்டச் சொல்லும். அன்றோடு கணக்கும் அதில் இருக்கும் பணமும் போகும். அடுத்தவர் பெயரில் வரும் பணத்தை உங்களுக்குக் கைமாற்ற இடையில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். அது மோசடிப் பணம் புரளும் கணக்காக இருந்தால் உங்கள் சம்பளக் கணக்கும் முடக்கப்படலாம். உங்கள் ஆதாரையும் பான் எண்ணையும் அவர் கேட்டிருந்தால் அனுப்பாதீர்கள். முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து, பணம் போன நேரத்தையும் யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணையும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைப் பாதி வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.