ஓட்டு வாங்கித் தராத வேலை

அன்புள்ள அண்ணா,

அமெரிக்க செனட்டர் டயேன் ஃபைன்ஸ்டைனைப் பாராட்டி நீங்கள் எழுதியதை சான் ஹோசேயில் இருக்கும் என் மச்சான் பையனுக்கு அனுப்பினேன். "ஊர் முழுக்க போனை ஒட்டுக்கேட்டதுக்கு வக்காலத்து வாங்கின அம்மா அவங்க, அவங்களைப் போய் உங்க எழுத்தாளர் பாராட்டறாருங்களா?" என்று கேட்டுவிட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு கேள்வி என்னுடையது. நான் சூலூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தேஜஸ் போர்விமானச் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று வருஷக்கணக்காகப் பேசுகிறார்கள். ஆனால் ராணுவம், உளவு என்று உட்கார்ந்து படித்துப் பேசுகிற ஒரு எம்.பி. நம்ம பக்கத்தில் ஏன் வரவில்லை?

ச.மு., சூலூர்

அன்புள்ள ச.மு.,

உங்கள் மச்சான் பையன் சொல்வது முக்கால்வாசி சரி. 2013 ஜூனில், அமெரிக்க உளவுத்துறைக்கு வேலை பார்த்த ஸ்னோடென் கொடுத்த ஆவணங்கள் வெளியானபோது, அமெரிக்கர்கள் யார் யாரை எப்போது அழைத்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற பட்டியல் மொத்தமாக அரசாங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது தெரியவந்தது. உளவு அமைப்புகளைக் கண்காணிக்கும் செனட் உளவுக்குழுவின் தலைவராக முன்னால் வந்து அதை நியாயப்படுத்தியவர் ஃபைன்ஸ்டைன்தான். பேச்சை யாரும் கேட்கவில்லை, பட்டியல்தானே என்பது அவர் கட்சி. ஒருவர் யார் யாரிடம், எந்நேரத்தில் பேசுகிறார் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் பேச்சைக் கேட்க என்ன அவசியம் என்பது என் கட்சி. 2002-ல் இராக் போருக்கு ஆதரவாகவும் வாக்களித்தவர் அவர். இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பாராட்ட வேண்டியதில்லை.

ஆனால் அதே ஆள் என்ன செய்தார் என்பதையும் அந்தப் பையனுக்குச் சொல்லுங்கள். 2001-க்குப் பிறகு சி.ஐ.ஏ. ரகசியச் சிறைகளில் ஆட்களை வைத்து வதைத்ததை விசாரிக்க 2009-ல் அவருடைய குழு இறங்கியது. ஆவணங்களை வெளியே தர முடியாது, வந்து படித்துக்கொள்ளுங்கள் என்றது சி.ஐ.ஏ. வர்ஜீனியாவில் அவர்களே ஏற்பாடு செய்த ஒரு கட்டடத்தில், அவர்கள் அமைத்துக் கொடுத்த கணினிகளின் முன்னால் குழுவின் ஊழியர்கள் உட்கார்ந்தார்கள். அறுபது லட்சம் பக்கங்களுக்கு மேல். நினைத்துப் பாருங்கள், விசாரிக்கப்படுகிறவன் வீட்டிலேயே உட்கார்ந்து, அவன் கொடுத்த மேசையில் வைத்து அவன் கணக்கைப் பார்ப்பது. வருஷக்கணக்கில் பார்த்தார்கள். 6,700 பக்கத்துக்கு மேல் அறிக்கை எழுதினார்கள். இதற்கிடையில் அந்தக் கணினிகளுக்குள் சி.ஐ.ஏ. ஆட்களே புகுந்து, குழு எதைப் பார்க்கிறது என்று தேடியிருக்கிறார்கள். 2014 மார்ச் 11 அன்று ஃபைன்ஸ்டைன் செனட் அவையில் எழுந்து இதைப் போட்டு உடைத்தார். சி.ஐ.ஏ. தலைவர் பிரென்னன் முதலில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். ஜூலையில் அவர்களுடைய உள்விசாரணையே நடந்தது உண்மை என்றதும் மன்னிப்புக் கேட்டார்.

அந்த நவம்பர் தேர்தலில் ஃபைன்ஸ்டைனின் கட்சி செனட்டில் பெரும்பான்மையை இழந்தது. ஜனவரியில் தலைவர் நாற்காலி போய்விடும், புதிதாக வருகிறவர் அறிக்கையை வெளியிட மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். இடையில் இருந்த கொஞ்ச நாளில், டிசம்பர் 9 அன்று, ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட சுருக்கத்தை வெளியிட்டுவிட்டார். 119 பேரைச் சிறை வைத்திருந்தார்கள், குறைந்தது 39 பேரிடம் அந்த 'விசேஷ' விசாரணை முறைகள் பிரயோகிக்கப்பட்டன, குறைந்தது 26 பேரைப் பிடித்திருக்கவே கூடாது என்ற விவரமெல்லாம் உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான். முழு அறிக்கை இன்னும் வெளியாகவில்லை. அடுத்து வந்த தலைவர் ரிச்சர்ட் பர், மற்ற துறைகளுக்கு அனுப்பிய பிரதிகளையே திருப்பிக் கேட்டார்.

பட்டியலை ஆதரித்ததும் சி.ஐ.ஏ.வோடு மோதியதும் இரண்டு வேறு ஆட்கள் செய்தது போலத் தெரிகிறது, இல்லையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டும் ஒரே நாற்காலியிலிருந்து வந்தவை. அவர் 1992 முதல் 2023-ல் இறக்கும் வரை செனட்டர், 2001-லிருந்து உளவுக்குழுவில் இருந்தார். இருபது வருஷம் ஒரே மில்லுக்குக் கணக்குப் பார்க்க வரும் ஆடிட்டருக்கு எந்த பில் எந்த டிராயரில் ஒளிந்திருக்கும் என்று தெரியும். மத்தியானச் சாப்பாடும் முதலாளி வீட்டிலிருந்துதான் வரும். நீண்டகாலம் உட்கார்ந்தவரால்தான் கேள்வி கேட்க முடிகிறது, ஆனால் பாதி விஷயங்களில் அவர் அவர்களுடைய கண்ணாலேயே பார்க்கப் பழகிவிடுகிறார். தன் குழுவின் கணினிக்கே கை நீண்டபோதுதான் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது என்று ஸ்னோடென் குத்திக்காட்டியது சும்மா இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம்ம பக்கத்து எம்.பி. ஊருக்கு வந்தால் சனம் என்ன கேட்கும்? "ஏனுங்க, பி.ஏ.பி. தண்ணி எப்பங்க வரும்?" அவிநாசியில் அத்திக்கடவு நீர்த்திட்டம், சோமனூரில் தறிக் கூலி, திருப்பூரில் நூல் விலை, ஜி.எஸ்.டி. இவற்றைக் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. பாதுகாப்பு என்றால்கூட ஊரில் காட்ட ஏதாவது இருக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து சாம் நன் செனட்டில் 24 வருஷம் இருந்து ராணுவ விவகாரத்திலேயே ஊறியவர், 1991-ல் இன்னொரு செனட்டர் லூகரோடு சேர்ந்து கொண்டுவந்த சட்டத்தால்தான் சிதறிப்போன சோவியத்தின் அணு ஆயுதங்களைக் கழற்றிப் போட அமெரிக்கப் பணம் போனது. அவர் மாநிலத்தில் ராணுவ முகாம்களும் விமானத் தொழிற்சாலையும் இருந்தன, எனவே அவர் வேலை ஊர்க்காரர்களுக்குப் புரிந்தது. உளவுக்குழுவில் இருப்பவர் ஊருக்கு என்ன கொண்டுவருவார்? என்ன செய்தேன் என்று மேடையில் சொல்லக்கூட முடியாது. ஒரு ஓட்டும் தேறாது.

நம்மிடம் இன்னொரு சிக்கல், அப்படி ஒரு குழுவே இல்லை. உள்நாட்டு உளவுக்கான ஐ.பி. 1887-லிருந்து இருக்கிறது, வெளிநாட்டு உளவுக்கான ரா 1968-லிருந்து. இரண்டுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கிடையாது. 2011-ல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி அதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது எங்கும் போகவில்லை. 2021-ல், போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் விவகாரத்தை சசி தரூர் தலைமையிலான நாடாளுமன்றத் தகவல் தொழில்நுட்பக் குழு எடுக்கப் பார்த்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வந்தார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. கோரம் என்கிற குறைந்தபட்ச வருகை இல்லை, கூட்டமும் இல்லை. இந்த ஒன்றை மட்டும் நான் அடிக்கடி நினைத்துச் சிரித்துக்கொள்வதுண்டு.

பாதுகாப்புக்கு ஒரு நாடாளுமன்ற நிலைக்குழு இருக்கிறது, 1993-லிருந்து. 31 பேர். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக அமைப்பதே வழக்கம், பாடம் படித்து முடிப்பதற்குள் பெஞ்ச் மாறிவிடும். மேஜர் ஜெனரல் கந்தூரி அதன் தலைவராக இருந்தபோது, 2018 மார்ச்சில், ராணுவத் தளவாடங்களில் 68 சதவீதம் காலாவதி ரகம் என்று ராணுவமே சொன்னதை அறிக்கையில் அச்சிட்டார்கள். அவர் ஆளுங்கட்சிக்காரர்தான். அந்த செப்டம்பரில் தலைவர் பதவி கல்ராஜ் மிஸ்ராவுக்குப் போனது. இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை, நீங்கள் போட்டால் தடுக்கவும் மாட்டேன்.

நம்ம ஊர் என்று பார்த்தால், பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்ரமணியம் 1979-80-ல் பாதுகாப்பு அமைச்சராகவே இருந்தார். சரண்சிங் அரசு, அதுவும் அற்பாயுசு. எல்லோருக்கும் அவர் பசுமைப் புரட்சிக் கோதுமைக்காகத்தான் நினைவில் இருக்கிறார்.

நீங்கள் கேட்ட மாதிரி ஒரு எம்.பி. வேண்டுமா என்றால், வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அந்த நிலைக்குழுவின் அறிக்கைகள் மக்களவை இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கடைசிப் பக்கங்களில் கூட்டக் குறிப்புகள் இருக்கும், யார் வந்தார்கள் என்று பெயரோடு. தமிழ்நாட்டு எம்.பி. யாராவது குழுவில் இருந்தால் எத்தனை கூட்டத்துக்குப் போனார் என்று எண்ணிப் பாருங்கள். சிறு பட்டறைகளிடம் பாகங்கள் வாங்குவது பற்றி எதுவும் சொல்லியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், அது உங்கள் பிழைப்பு. அடுத்த முறை அவர் கோயமுத்தூர் பக்கம் வரும்போது தண்ணீரைக் கேட்ட பிறகு இதையும் கேளுங்கள்.